மின்தடை போனால் போதுமா?

மின்தடையே இல்லாத பொருள் உலகத்தில் இருக்கும்போது எதற்காகச் சிலிக்கானைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்? மீக்கடத்தியைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படும் யாருக்கும் இந்தக் கேள்வி வரும். சிப்புகளின் மின்செலவைக் கணக்குப் போடுவதே பிழைப்பாகிப்போன எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். ஒரு வாட்டைக் குறைக்க நாங்கள் படும் பாட்டுக்கு, சுழியம் என்ற எண்ணின் மேல் ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

இந்தத் துறையின் எழுபது ஆண்டுக் கதையைப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது வேறு. மின்தடை போவது இங்கே சுலபமான பாதி. வேண்டும்போது அந்தத் தடையைத் திரும்ப வரவழைக்க வேண்டும். வரவழைத்த அந்தச் சின்ன மாற்றம் பக்கத்துச் சுவிட்சைத் தட்டிவிடும் அளவுக்குத் தெம்பாக இருக்க வேண்டும். கஷ்டமெல்லாம் அங்கேதான். ஆகவே ஒவ்வொரு கருவியிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: உன் வெளியீடு, உன்னைப் போன்ற இன்னொன்றின் உள்ளீட்டுக்குப் போதுமா?

முதலில் சிலிக்கான் எங்கே ஆற்றலைத் தொலைக்கிறது என்று பார்த்துவிடலாம். சிப்புக்குள் ஒரு மில்லிமீட்டர் நீளக் கம்பியின் மின்தேக்குத்திறன் ஏறக்குறைய 0.2 பிக்கோஃபாரட். அதை 0.7 வோல்ட்டுக்கு ஏற்ற ஒவ்வொரு முறையும் மின்வழங்கியிலிருந்து 10⁻¹³ ஜூல் போகிறது. டிரான்சிஸ்டர் தன்னளவில் செலவழிப்பது அதைவிட மிகக் குறைவு, தின்பது கம்பிதான். வோல்ட்டைக் குறைத்தால் வர்க்கத்தில் லாபம். ஆனால் அறை வெப்பநிலையில் வழக்கமான டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாக்க, அதைத் திறந்து மூடும் முனையான கேட்டில் குறைந்தது 60 மில்லிவோல்ட் இறக்கியாக வேண்டும். வெப்பமே விதித்த எல்லை அது. அணைந்த நிலையில் கசியாமலும் எரிந்த நிலையில் வேகமாகவும் இருக்க, அரை வோல்ட்டுக்கும் மேல் தேவைப்பட்டுவிடுகிறது. 2005-ஐ ஒட்டி வோல்ட் குறைவது ஏறக்குறைய நின்றுபோனது. அன்றிலிருந்து கடிகார வேகமும் பெரிதாக ஏறவில்லை.

மீக்கடத்தியை வைத்து சுவிட்ச் செய்த முதல் ஆளாக டட்லி பக்கைச் சொல்வார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தவர். 1956-ல் அவர் வெளியிட்ட கிரையோட்ரான், பார்க்கப் பரம சாது: ஒரு டான்டலம் கம்பி, அதன்மேல் சுற்றிய மெல்லிய நியோபியம் கம்பி. இரண்டும் திரவ ஹீலியத்தில், 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 செல்சியஸில். டான்டலம் 4.4 கெல்வின் வாக்கில்தான் மீக்கடத்தி ஆகும். அதாவது விளிம்பில் நிற்கிறது. நியோபியம் சுருளில் சிறு மின்னோட்டம் விட்டால் எழும் காந்தப்புலமே டான்டலத்தைச் சாதாரண உலோகமாக்கிவிடும். நியோபியம் அசையாது, அதன் எல்லை 9 கெல்வினுக்கு மேல். வாய்க்காலில் மடையை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வாய்க்காலுக்குத் திரும்புவது போல, தடை வந்த டான்டலத்தை விட்டு மின்னோட்டம் தடையில்லாத மறு கிளைக்குப் போய்விடும்.

நம் கேள்விக்கு கிரையோட்ரானின் பதில், ஆம். டான்டலத்தில் ஓடும் மின்னோட்டம் இன்னொரு கிரையோட்ரானின் சுருளை இயக்கப் போதுமானது. சுருளில் சுற்றுகளைக் கூட்டினால் பெருக்கமும் கூடும். உள்ளீடு தனி, வெளியீடு தனி. உண்மையான மீக்கடத்தி டிரான்சிஸ்டர் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். கெடுத்தது வேகம். தடை திரும்பிய டான்டலம் துண்டின் மின்தடை மிக அற்பம், சுருளின் மின்தூண்டலோ பெரிது. ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்கு மின்னோட்டம் நகரும் நேரம் இரண்டாவதை முதலாவதால் வகுத்தது. வந்த விடை மைக்ரோ விநாடிக் கணக்கில். அந்த நேரத்தில் குறைக்கடத்தி டிரான்சிஸ்டர் ஓடிப்போய்விட்டது. பக் 1959-ல், 32 வயதில் இறந்துபோனார்.

அடுத்து ஜோசப்சன். 1962-ல், கேம்பிரிட்ஜில் 22 வயது ஆராய்ச்சி மாணவராக இருந்த பிரையன் ஜோசப்சன் கணக்கில் கண்டது இது: இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே நானோமீட்டர் அளவில் மின்காப்புப் படலம் இருந்தாலும் கூப்பர் ஜோடிகள் (மீக்கடத்திக்குள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடும் எலக்ட்ரான்கள்) தடையில்லாமல் கடக்கும், ஒரு மாறுநிலை மின்னோட்டத்தைத் தாண்டினால் சட்டென்று மின்னழுத்தம் தோன்றும். அடுத்த ஆண்டே பெல் ஆய்வகத்தில் ஆண்டர்சனும் ரோவலும் அதைச் செய்துகாட்டினார்கள். இந்த அடுக்குக்கு ஜோசப்சன் சந்தி என்று பெயர்: பிக்கோ விநாடிக் கணக்கில் மாறும் சுவிட்ச். ஐ.பி.எம். இதை வைத்துக் கணினி கட்ட இறங்கி, 1983-ல் கைவிட்டது. ஈயக் கலவைச் சந்திகள் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து கெட்டுப்போயின. வேகமான நினைவகச் சிப் சரியாக அமையவில்லை. இதற்கிடையில் சிலிக்கான் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கதையை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு மாஸ்கோவில் நடந்தது. 1985-ல் லிக்காரெவ், முகானோவ், செமியோனோவ் மூவரும், சந்தியில் மின்னழுத்தத்தை நிறுத்திவைக்கும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள். ஒரு மீக்கடத்தி வளையத்துக்குள் காந்தப்பாயம் எப்போதும் முழு எண்ணிக்கையில்தான் இருக்கும். அதன் மிகச் சிறிய துண்டான ஒரு குவாண்டம் என்பது 2.07×10⁻¹⁵ வெபர். சந்தி ஒருமுறை துள்ளினால் சரியாக ஒரு குவாண்டம் உள்ளே வரும், அல்லது வெளியே போகும். அப்போது தோன்றும் துடிப்பு, ஒரு மில்லிவோல்ட் உயரம் என்றால் இரண்டு பிக்கோ விநாடி அகலம். உயரம் மாறலாம், அகலம் மாறலாம், இரண்டின் பெருக்கல் மாறாது. இயற்கையே அளந்து கொடுக்கிறது. துடிப்பு வந்தால் 1, வராவிட்டால் 0.

நம் கேள்விக்கு இது தரும் பதில் தந்திரமானது. சந்திக்கு இரண்டே முனைகள். டிரான்சிஸ்டர் போல மூன்றாவது கிடையாது. ஆனால் மாறுநிலையில் முக்கால் பங்கு மின்னோட்டத்தை முன்கூட்டியே விட்டுவைத்தால், வரும் துடிப்பு கால் பங்கு தள்ளினால் போதும். தள்ளியவன் இளைத்துக் களைத்து வந்திருந்தாலும், வெளியே போகும் துடிப்பு முழு அளவில் இருக்கும். அதே துடிப்பு இரண்டு இடங்களுக்குப் போக வேண்டுமென்றால் மட்டும் நடுவே பிரிப்பான் ஒன்று வைக்க வேண்டும். இரண்டைத் தள்ளும் தெம்பு அதற்கு இல்லை. ஒவ்வொரு தர்க்கக் கேட்டுக்கும் (1, 0 என்று முடிவு சொல்லும் சிறு சுற்றுக்கும்) தனிக் கடிகாரத் துடிப்பும் வேண்டும். சிலிக்கானில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு வசதிகளுக்கு இங்கே சந்திகளைக் கொட்டி அழ வேண்டியிருக்கிறது.

ஆனாலும் ஒரு துள்ளலின் ஆற்றலைப் பாருங்கள். மாறுநிலை மின்னோட்டம் 0.1 மில்லிஆம்பியர் என்றால், அதைக் குவாண்டத்தால் பெருக்க 2×10⁻¹⁹ ஜூல். ஒரு மில்லிமீட்டர் தூரம் அனுப்பவும் பெறவும் சில சந்திகள் சேர்ந்து 10⁻¹⁸ ஜூல் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள நியோபியம் வழித்தடம் ஏறக்குறைய எதையும் எடுத்துக்கொள்ளாது. சிலிக்கான் கம்பியின் 10⁻¹³ ஜூலோடு ஒப்பிட்டால் ஒரு லட்சம் மடங்கு குறைவு. வேகத்திலும் குறை சொல்ல முடியாது: 1999-ல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக்கில் ஒரு எளிய பிரிப்புச் சுற்று 770 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடியது.

இவ்வளவும் சொன்ன பிறகு, மின்செலவுக்காரனின் புத்தி சும்மா இருக்காது. பத்து லட்சம் சந்திகள் கொண்ட சிப் ஒன்றைக் கற்பனை செய்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடிகாரம் 30 கிகாஹெர்ட்ஸ். எல்லாச் சந்திகளும் ஒவ்வொரு துடிப்புக்கும் துள்ளினால்கூட 6 மில்லிவாட்தான். அபாரம். ஆனால் ஒவ்வொரு சந்திக்கும் அந்த முன்கூட்டிய மின்னோட்டம் போக வேண்டுமே. சராசரியாக 0.1 மில்லிஆம்பியர் என்று வட்டமாக வைத்தால் மொத்தம் 100 ஆம்பியர். அதைச் சந்திகளுக்குச் சமமாகப் பங்கிட மாஸ்கோ முறையில் மின்தடைகளை வைத்தார்கள். ஆம், மீக்கடத்திச் சிப்புக்குள் வேண்டுமென்றே வைத்த மின்தடைகள். 2.5 மில்லிவோல்ட் வழங்கினால் அவற்றிலேயே 250 மில்லிவாட் எரியும், சிப் சும்மா இருந்தாலும். அதோடு முடியவில்லை. 100 ஆம்பியரை அறை வெப்பநிலையிலிருந்து 4 கெல்வினுக்கு இறக்கும் செம்புக் கம்பி, மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வெப்பத்தையும் நன்றாகவே கடத்தும். இடையில் எங்கும் குளிர்விக்காமல், கம்பியின் தடிமனை எவ்வளவு சாமர்த்தியமாகத் தேர்ந்தாலும் ஆம்பியருக்கு 47 மில்லிவாட் கீழே இறங்கியே தீரும். போகும் கம்பிக்கு மட்டும் 4.7 வாட், திரும்பி வரும் கம்பிக்கு இன்னொரு 4.7. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதெல்லாம் இங்கே ரொம்பச் சாதுவான கணக்கு.

நடைமுறையில் இதை அப்படியே விட்டுவிடுவதில்லை. வழியில் 50 கெல்வின் வாக்கில் ஒரு நிலை வைத்து வெப்பத்தைப் பிடித்துவிடுவார்கள். அதற்குக் கீழே உயர்வெப்ப மீக்கடத்திப் பட்டைகள். ஒரே மின்னோட்டத்தைச் சிப்பின் பகுதிகள் வழியாகத் தொடராக அனுப்பி மறுபடி மறுபடி பயன்படுத்தும் முறை உண்டு. பங்கிடும் மின்தடைகளுக்குப் பதில் சந்திகளையே வைக்கும் முறைகள் 2010-ஐ ஒட்டி வந்தன. நார்த்ராப் கிரம்மன் நிறுவனத்தின் குவென்டின் ஹெர் குழு, மாறுமின்னோட்டத்தை மின்மாற்றிகள் வழியாக ஊட்டி நேர்மின்னோட்டத்தையே ஒழித்தது. ஜப்பானின் யோகஹாமா தேசியப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இன்னும் பொறுமைசாலிகள்: சந்தியைத் துள்ளவிடாமல் மெல்ல மெல்லச் சாய்க்கிறார்கள், அதனால் ஒரு சந்திக்கு ஆற்றல் 10⁻²¹ ஜூல் அளவுக்கு இறங்குகிறது. அந்த வகையில் 20,000 சந்திகளுக்கு மேல் கொண்ட 4 பிட் செயலி ஒன்றையும் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு தொல்லையைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை: பூமியின் காந்தப்புலம். அது சுமார் 50 மைக்ரோடெஸ்லா. ஐந்து மில்லிமீட்டர் சதுரச் சிப்பின் வழியே போகும் பாயத்தைக் குவாண்டத்தால் வகுத்தால் ஆறு லட்சம் வருகிறது. சிப் 9 கெல்வினைக் கடந்து குளிரும் அந்தக் கணத்தில், நியோபியம் படலம் இந்தப் பாயத்தை வெளியே தள்ளப் பார்க்கும். தள்ள முடியாதவை சின்னச் சுழல்களாக அங்கங்கே உறைந்து மாட்டிக்கொள்ளும். ஒரு சந்திக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சுழல் மாட்டினாலும் அதன் மாறுநிலை மின்னோட்டம் பிசகும். தர்க்கக் கேட் பொய் சொல்லும். நிக்கல் இரும்புக் கலவைக் கவசத்துக்குள் வைத்துப் புலத்தை ஐந்நூறில் ஒன்றாக்கினாலும் மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். அதற்காகப் படலத்தில் அகழி போல நீளத் துளைகளை வெட்டிவைக்கிறார்கள், சுழல்கள் அங்கே போய்க் குடியிருக்கட்டும் என்று. அப்படியும் ஒருமுறை குளிர்வித்தபோது ஒழுங்காக ஓடிய சிப், சூடாக்கி மறுபடி குளிர்வித்தால் வேறு இடத்தில் மக்கர் செய்யலாம். குறை சிப்பில் இல்லை, அன்றைக்குச் சுழல்கள் உட்கார்ந்த இடத்தில். வடிவமைப்பைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கும் யாரும் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

இத்தனை தொல்லையும் சந்தி என்ற இரண்டு முனைப் பிராணியால்தானே, டட்லி பக் போல மூன்று முனைக்கே திரும்பினால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. 1980-களில் இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே குறைக்கடத்தி வைத்து, அதன்மேல் கேட் வைத்துப் பார்த்தார்கள். வேலை செய்தது. ஆனால் கேட்டுக்கு நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் கொடுத்தால், வெளியே வருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே. போதுமா? போதவே போதாது. (கருவி வீணாகிவிடவில்லை, குவாண்டம் கணினிக்காரர்கள் அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே யாரும் அதை அடுத்த கேட்டைத் தள்ளச் சொல்வதில்லை.)

2014-ல் எம்.ஐ.டி.யின் ஆடம் மெக்காகன், கார்ல் பெர்க்ரன் இருவரும் கொண்டுவந்த என்-டிரான், கிரையோட்ரானின் பேரப்பிள்ளை. நியோபியம் நைட்ரைடில் ஒரு நானோ கம்பி. அதன் இடுப்பில் வந்து முட்டும், இன்னும் குறுகலான ஒரு கேட். கேட்டில் அளவுக்கு மேல் மின்னோட்டம் விட்டால் அந்தக் குறுகலில் ஒரு சூடான புள்ளி தோன்றும். சூடு பரவிப் பிரதானக் கம்பியே தடையுள்ளதாகிவிடும், அதுவும் கிலோ ஓம் கணக்கில். பக்கின் டான்டலத்தில் இல்லாதது இந்தப் பெரிய தடைதான். மின்னோட்டம் சட்டென்று வெளியே தள்ளப்பட்டு, வழக்கமான குறைக்கடத்திச் சுற்றுக்குப் புரியும் அளவுக்கு மின்னழுத்தம் கிடைக்கிறது. சிறிய மின்னோட்டம் பெரிய மின்னோட்டத்தை ஆள்கிறது, காந்தக் கவசமும் வேண்டாம். என் கேள்விக்கு நேரான ஆம். விலை என்ன? சூடானது ஆற வேண்டும். ஆறுவதற்கு நானோ விநாடி அளவில் ஆகும். சந்தியோடு பந்தயம் கட்ட முடியாது.

2018-ல் இத்தாலியின் பிசாவிலிருந்து வந்த செய்திதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பிரான்செஸ்கோ ஜியாசோட்டோவின் குழு டைட்டேனியம் கம்பி ஒன்றின் பக்கத்தில், தொடாமல், ஒரு கேட் மின்முனையை வைத்தது. அதில் பத்துக்கணக்கான வோல்ட் கொடுக்கக் கொடுக்க, கம்பியின் மாறுநிலை மின்னோட்டம் சுருங்கி இல்லாமலே போனது. பிளஸ் கொடுத்தாலும் மைனஸ் கொடுத்தாலும் ஒரே விளைவு. உலோகத்துக்குள் மின்புலம் ஓரிரு அணு அடுக்குக்கு மேல் நுழையாது என்று முதலாம் ஆண்டு மாணவருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். முழு உலோகக் கம்பியில் புல விளைவு டிரான்சிஸ்டரா?

2021-ல் சூரிச்சின் ஐ.பி.எம். ஆய்வகம் உட்படப் பல குழுக்கள் வேறு விளக்கம் சொன்னார்கள். புலம் காரணமில்லை, கேட்டிலிருந்து கசியும் சொற்ப எலக்ட்ரான்கள்தான் காரணம் என்று. பிசா குழு மின்காப்புத் தளத்தைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும் கம்பியிலும் அதே விளைவைக் காட்டியிருந்தது; வாதம் ஓயவில்லை. என் சாய்வு கசிவுக்காரர்கள் பக்கம். காரணம் ஒரு சின்ன வகுத்தல். 10 வோல்ட்டில் கசியும் ஒரு எலக்ட்ரானிடம் 10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. அரை கெல்வினில் மீக்கடத்தியாகும் டைட்டேனியத்தில் ஒரு கூப்பர் ஜோடியைப் பிரிக்க அதில் 60,000-ல் ஒரு பங்கு போதும். ஒற்றை எலக்ட்ரான் எத்தனை ஆயிரம் ஜோடிகளை உடைக்கும் என்று யோசித்தால், கசிவு அளவிட முடியாத அளவுக்குச் சிறிதாக இருந்தாலும் காரியத்தை முடித்துவிடும். பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் ஒரே விளைவு ஏன் என்பதும் புரிந்துவிடுகிறது.

இயற்பியல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் என் மேசையில் அது இரண்டாம்பட்சம். கேட்டுக்குப் பத்துக்கணக்கான வோல்ட். வெளியீடு மில்லிவோல்ட்டுக்கும் கீழே. இந்த இடைவெளி அடைபடாதவரை அது ஒரு அழகான பரிசோதனை, தர்க்கச் சுற்றுக்கான உறுப்பு இல்லை.

குளிர்விக்கும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதிர்ப்பவர்கள் முதலில் எடுப்பது அதைத்தான். 4.2 கெல்வினில் ஒரு வாட்டை அகற்ற, வெப்பவியலின் கார்னோ விதிப்படியே அறை வெப்பநிலையில் 70 வாட் வேண்டும். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் உள்ள மாபெரும் ஹீலியம் ஆலைகள் 250 வாட்டுக்குப் பக்கத்தில் முடிக்கின்றன. மேசையளவுக் குளிர்விப்பான்களோ பல கிலோவாட் கேட்கும். நடுவாக 500 என்று வைத்தால், மேலே சொன்ன லட்சம் மடங்கு லாபம் 200 மடங்காகிறது. மின்னோட்டம் ஊட்டுவதில், கடிகாரத்தில், பிரிப்பான்களில் இன்னும் கரையும். கரைந்த பிறகும் மிச்சம் இருக்கலாம்; யோகஹாமாக்காரர்கள் குளிர்விப்பையும் சேர்த்தே சிலிக்கானைவிட 80 மடங்கு சிக்கனம் என்று தங்கள் செயலிக்கு மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆகக் குளிர்விப்பு இதைக் கொல்லவில்லை. பெரிதாகக் கட்டினால்தான் கட்டுப்படியாகும் என்பது மட்டும் உண்மை.

கொல்லக்கூடியது நினைவகம். ஒரு குவாண்டத்தைப் பிடித்துவைக்க, மின்னோட்டமும் மின்தூண்டலும் பெருக்கினால் ஒரு குவாண்டம் வர வேண்டும். 0.1 மில்லிஆம்பியருக்கு 20 பிக்கோஹென்றி. சாதாரண நியோபியம் தடத்தில் அது பத்துக்கணக்கான மைக்ரோமீட்டர் நீளம். இன்றைய சிலிக்கான் நினைவகச் செல் ஒரு சதுர மைக்ரோமீட்டரில் நாற்பதுக்கு மேல் அடங்கும். இயற்கை அளந்து கொடுத்த அதே குவாண்டம் இங்கே காலைப் பிடித்து இழுக்கிறது. அது சிறிதாக மறுக்கிறது. மெல்லிய நைட்ரைடு படலங்களில் எலக்ட்ரான்களின் இயக்க நிலைமமே கூடுதல் மின்தூண்டலைத் தருவதால் தடத்தைக் குறுக்கலாம். பெல்ஜியத்தின் ஐமெக் நிறுவனம் நியோபியம் டைட்டேனியம் நைட்ரைடை வைத்து அந்த வழியில்தான் போகிறது. பெரிய நினைவகத்தை 77 கெல்வினில் சிலிக்கானாகவே வைத்துவிட்டு, கணக்குப் போடும் பகுதியை மட்டும் 4 கெல்வினில் வைக்கும் திட்டம் அவர்களுடையது. எனக்கு நியாயமாகப் படுகிறது, இரண்டுக்கும் நடுவே ஓடும் கம்பிகள் எத்தனை வெப்பத்தைக் கீழே இறக்கும் என்ற கணக்கு சரியாக வந்தால்.

அதுவரை என் பந்தயம், குளிருக்கு ஏற்கெனவே யாரோ காசு கொடுத்துவிட்ட இடங்களின் மேல். குவாண்டம் கணினி செய்யும் டி-வேவ் நிறுவனத்தின் அட்வான்டேஜ் சிப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோசப்சன் சந்திகள் இருக்கின்றன. கியூபிட்டுகளோடு (குவாண்டம் பிட்டுகளோடு) அவற்றைக் கட்டுப்படுத்தும் சுற்றுகளும் அதே குளிரில், அதே சிப்பில். ஒற்றை ஃபோட்டானை உணரும் நானோ கம்பிக் கேமராக்களும் அப்படித்தான்: 2023-ல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் நான்கு லட்சம் பிக்சல் வரை போய்விட்டது. அத்தனை பிக்சலுக்கும் தனித்தனிக் கம்பி இழுக்க முடியாது. படித்துத் தொகுத்து அனுப்ப உள்ளேயே தர்க்கச் சுற்று வேண்டும். நானோ விநாடி அங்கே ஒரு குறையே இல்லை. அதே நிறுவனத்தில் 2019-ல் வெப்பத்தால் இயங்கும் நானோ கம்பிச் சுவிட்ச் ஒன்றை வைத்து, 1 கெல்வினில், ஒரு குறைக்கடத்தி எல்.இ.டி.யை எரியவைத்துக் காட்டினார்கள். உள்ளீடு மில்லிவோல்ட் உலகத்தைச் சேர்ந்தது, வெளியீடு ஒரு வோல்ட்டுக்கும் மேல்.